மூன்று எண்ணில் ஒரு நிறம்

செல்போன் திரைக்குள் மஞ்சள் புள்ளியே கிடையாது. நம்ப முடியவில்லையா? திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஒரே ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி குட்டி லென்ஸ் ஆகிவிடும். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பொடிப் புள்ளிகள் தெரியும். (பார்த்ததும் துடைத்துவிடுங்கள்!) மூன்றும் சேர்ந்து ஒளிர்வதுதான் நாம் பார்க்கும் வெள்ளை.

சிவப்பும் பச்சையும் மட்டும் ஒளிர்ந்தால் மஞ்சள். வாட்டர்கலரில் இந்த இரண்டையும் குழைத்தால் சேற்று நிறம்தானே வரும்? சாயம் ஒளியை விழுங்குகிறது. சேர்க்கச் சேர்க்க இருண்டுபோகும். திரை ஒளியைத் தருகிறது. சேர்க்கச் சேர்க்க வெளுக்கும். நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. உண்மையான மஞ்சள் ஒளி வந்தால் அவற்றில் இரண்டு வகை விழித்துக்கொள்ளும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வந்தாலும் அதே இரண்டுதான். மூளைக்கு வேறுபாடு தெரியாது. 1861இல் விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே எடுக்கப்பட்ட மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி, ஒரு ரிப்பனை வண்ணத்தில் காட்டியது இந்த உண்மையை வைத்துத்தான்.

சரி, இந்த மூன்று நிறங்களை நிரலில் எப்படிச் சொல்வது? படம் வரையும் வலைப்பக்கம் ஒன்றை நீங்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரிகையின் நிறத்தை வரைபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 'இன்புட்' ஒன்றை வைத்து, அதன் 'டைப்' என்பதற்கு 'கலர்' என்று கொடுங்கள். அவ்வளவுதான்! பிரவுசரே ஒரு நிறப்பெட்டியைக் கொண்டுவந்துவிடும். தொட்டால் நிறப்பலகை விரியும். நீங்கள் வேறு நிறம் சொல்லாவிட்டால் பெட்டி கருப்பில் தொடங்கும்.

பெட்டி உங்கள் நிரலிடம் கொடுப்பது என்ன தெரியுமா? #663399 என்பதுபோல ஒரு குறியீடு. இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 66 சிவப்புக்கு, 33 பச்சைக்கு, 99 நீலத்துக்கு. ஆனால் இந்த 66 அறுபத்தாறு அல்ல! நம் கணக்கில் பத்தாமிடம் இருக்கும் இடத்தில் இங்கே பதினாறாமிடம். 6×16+6 = 102. அதே வழியில் 33 என்பது 51. 99 என்பது 153. ஒன்பதைத் தாண்டினால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 256×256×256 எவ்வளவு? 1,67,77,216 நிறங்கள்! உங்கள் கிரேயான் பெட்டியில் எத்தனை நிறம் என்று நினைத்துப் பாருங்கள்.

பலகையில் விரலை இழுக்க இழுக்க 'இன்புட்' என்ற சேதி வந்துகொண்டே இருக்கும். தேர்ந்தெடுத்து முடித்ததும் 'சேஞ்ச்' என்ற சேதி வரும். முதல் சேதியைக் கேட்டுத் தூரிகையின் நிறத்தை மாற்றும்படி எழுதுங்கள். விரல் நகரும்போதே தூரிகையும் நிறம் மாறுவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

மேலே சொன்ன 663399 அழகான ஊதா. வலைப்பக்கங்களை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ் மொழியை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எரிக் மேயர். அவருடைய மகள் ரெபெக்காவுக்கு ஊதா மிகவும் பிடிக்கும். 2014இல், தன் ஆறாவது பிறந்தநாளில், புற்றுநோயால் அந்தக் குழந்தை இறந்துபோனாள். அவள் நினைவாக இந்த நிறத்துக்கு 'ரெபெக்கா பர்ப்பிள்' என்ற பெயரை சிஎஸ்எஸ் மொழியிலேயே சேர்த்தார்கள். இன்றைய பிரவுசர்களில் எண்ணுக்குப் பதில் இந்தப் பெயரை எழுதினாலும் அதே ஊதா வரும்.