‘காடைக்கு நோயே வராது’ என்கிறார்களே... பிறகு ஏன் முதல் 2 வாரத்தில் குஞ்சுகள் சாகின்றன?

‘35 நாளில் விற்பனை, தடுப்பூசி செலவு இல்லை, மொட்டை மாடி இடமே போதும்.’ காடை வளர்ப்பு பற்றிய வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் வசனம் இது. முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பண்ணைகளில் வளரும் ஜப்பானிய காடை 5 வாரத்தில் 180 முதல் 200 கிராம் வரை எடை வைக்கும். 6, 7 வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். வளர்ந்த காடை ஓரளவு தாக்குப்பிடிக்கும் பறவைதான்.

ஆனால் அந்த வீடியோக்களில் தெரிவதெல்லாம் வளர்ந்த காடைகள். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் பண்ணை தொடங்குபவர்களுக்குக் கைக்கு வருவது ஒருநாள் குஞ்சு. போட்ட பணம் திரும்புமா என்பது முதல் 14 நாளில் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

பத்து ரூபாய் நாணய எடை

17, 18 நாளில் முட்டையிலிருந்து வெளிவரும் காடைக்குஞ்சின் எடை 7, 8 கிராம். கிட்டத்தட்ட ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை. கோழிக்குஞ்சு ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். உடல் எவ்வளவு சிறியதோ, சூடு அவ்வளவு வேகமாக வெளியேறும். டம்ளரில் இருக்கும் காபி ஆறுவதற்குள் ஸ்பூனில் எடுத்த காபி ஆறிப்போவதைப் போல. ‘கோழிக்குஞ்சு வளர்த்திருக்கோம், இது என்ன பெரிய விஷயம்’ என்று இறங்குபவர்கள் அடிபடுவது இங்கேதான்.

தாய்க்காடை பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளாது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்ததில், அடைகாக்கும் குணத்தையே ஜப்பானிய காடை பெரும்பாலும் இழந்துவிட்டது. குஞ்சு பொரிக்க இன்குபேட்டர், பொரித்த பின் புரூடர் எனப்படும் வெப்பக் கூண்டு. குஞ்சுக்குத் தெரிந்த தாய் அந்த பல்புதான்.

எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது

முதல் வாரத்தில் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் 37, 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இறகு ஓரளவு மூடும் மூன்றாவது வாரம் வரை இது தேவைப்படும். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டிப் பயனில்லை, குஞ்சின் முதுகு உயரத்தில் வைக்க வேண்டும்.

குஞ்சு ஒன்றுக்கு ஒரு வாட் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது குண்டு பல்பு காலத்துக் கணக்கு. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி கொடுத்துவிடும், சூட்டைக் கொடுக்காது. புரூடர் பளிச்சென்று இருக்கும், குஞ்சுகள் விறைத்துப்போயிருக்கும். குண்டு பல்போ இன்ஃப்ராரெட் பல்போ தேடி வாங்குவதைத் தவிர வழியில்லை.

வாட் கணக்கைவிட நம்பகமான மீட்டர் குஞ்சுகளேதான். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பல்பை மேலே தூக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் தின்றும் கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. தடுப்பை வட்டமாக அமைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சதுரமாக இருந்தால் மூலையில் குவிந்து, அடியில் இருப்பவை மூச்சுத்திணறிச் செத்துவிடும்.

நாமக்கல்லில் மே மாத மதியத்தில் பல்பே தேவைப்படாமல் போகலாம். அதே ஊரில் மார்கழியில் அதிகாலை 3 மணிக்கு மின்சாரம் போனால்? இன்வெர்ட்டர் இல்லாமல் குஞ்சு இறக்குவது சூதாட்டம். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் தூங்குபவரையும் கொல்லும்.

தட்டில் கூழாங்கல்

கோழிக்குஞ்சுக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு காடைக்குஞ்சுக்குக் குளம். விழுந்து மூழ்கும். மூழ்காமல் நனைந்தாலும் குளிரில் சாகும். தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிரப்பி, இடுக்கில் அலகு மட்டும் நுழையும்படி செய்தால் இந்தச் சாவை ஏறக்குறைய முழுதாகத் தவிர்த்துவிடலாம். இவ்வளவு மலிவான தீர்வு காடை வளர்ப்பில் வேறு கிடையாது.

தரை விஷயத்தில் நியூஸ்பேப்பர் வில்லன். வழவழப்பில் கால் பக்கவாட்டில் விரிந்துபோனால் குஞ்சு எழுந்து தீவனத்துக்குப் போகாது. உமி அல்லது தேங்காய் நார்க்கழிவின் மேல் சணல் சாக்கோ வரிவரியான அட்டையோ விரிப்பது நல்லது. உமியை மட்டும் போட்டால் முதல் சில நாட்கள் அதையே தீவனம் என்று தின்னும்.

தீவனத்தில் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. பிராய்லர் ஸ்டார்ட்டர் ஓரளவு நெருங்கி வரும், ஆனால் அதன் குருணை காடைக்குஞ்சின் அலகுக்குப் பெரிது. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, சலித்துப் போட வேண்டும்.

நோய் வரும்

‘தடுப்பூசி வழக்கமில்லை’ என்பது வேறு, ‘நோயே வராது’ என்பது வேறு. ரத்தக்கழிச்சல் வரும். குடல் புண் நோய்க்கு ஆங்கிலத்தில் பெயரே ‘குவெயில் டிசீஸ்’. பறவைக்காய்ச்சலும் காடையை விட்டுவைப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் இன்னொன்று, பூஞ்சணம் பிடித்த கூளத்திலிருந்து நுரையீரலுக்குள் போகும் தொற்று. மூச்சுத் திணறும் குஞ்சுகளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றுவார்கள். பூஞ்சைக்கு அது வேலை செய்யாது, ஈரக் கூளத்தை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். எலி நுழையும் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காலையில் எண்ணிக்கை குறைந்து, செத்த குஞ்சும் கண்ணில் படவில்லை என்றால் அது நோயாக இருக்காது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நூற்றில் சில குஞ்சுகள் போகத்தான் செய்யும். அதனால் முதல் முறையே ஆயிரம் குஞ்சு இறக்குவதைவிட நூறு இறக்கி, பல்பையும் தட்டையும் கற்றுக்கொள்வது மேல். குஞ்சுகள் பஸ்ஸில் வந்து சேரும் முன்பே, முந்தைய நாளே புரூடரை எரியவிட்டு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பல குஞ்சுகள் செத்தால் யூடியூபில் மருந்து தேடாதீர்கள். அப்போதுதான் இறந்த இரண்டு, மூன்று குஞ்சுகளை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையத்துக்கோ கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்துபோனால் உள்ளுறுப்புகள் சிதைந்து, பரிசோதனை சரியாக வராது.