ஃபைப்ரோஸ்கேன் அளப்பது விறைப்பை

ஏப்ரல் 19 உலகக் கல்லீரல் தினம். அதையொட்டிய இலவச ஃபைப்ரோஸ்கேன் முகாமுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. பெரும்பாலானவற்றில் ஒரே கேள்வி: "ஃபைப்ரோஸ்கேனில் 9.2 வந்திருக்கிறது. ஈரலில் எத்தனை சதவீதம் தழும்பு?"

அது சதவீதமே இல்லை, கிலோபாஸ்கல். 'வலியின்றித் தழும்பை அளக்கிறோம்' என்கிறது முகாமின் துண்டறிக்கை. வலியில்லை என்பது சரி. தழும்பை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை.

துணி காயப்போடும் கொடியை ஒரு முனையில் சுண்டிப் பாருங்கள். தொய்ந்த கொடியில் அலை மெதுவாக நகரும், இறுகியதில் பாயும். இங்கேயும் அதே வித்தைதான். வலது விலா இடுக்கில் வைத்த முனை ஒரு சுண்டு சுண்ட, நொடிக்கு 50 அதிர்வு கொண்ட அலை ஈரலுக்குள் இறங்குகிறது. அதன் வேகத்தை அல்ட்ராசவுண்ட் கணிக்கிறது. நொடிக்கு 1 மீட்டர் என்றால் அறிக்கையில் 3 வரும். 2 மீட்டர் என்றால் 6 அல்ல, 12. வேகத்தின் வர்க்கம் என்பதால் சின்னப் பிசகும் பெரிதாகிவிடும். பத்து முறை சுண்டி நடு எண்ணை எடுப்பது அதனால்தான். பக்கத்திலேயே ஐக்யூஆர் என்று, அந்த அளவுகளின் சிதறலைக் காட்டும் ஒரு சதவீதம் இருக்கும். 9.2 போன்ற எண்ணுக்கு அது 30-ஐத் தாண்டினால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. கொடியை இறுக்குவது தழும்பு மட்டுமல்ல. மஞ்சள் காமாலையில் வீங்கிய ஈரல், பித்தநாள அடைப்பு, இதயம் தளர்ந்து ரத்தம் தேங்கிய ஈரல் எல்லாமே விறைக்கும். சாப்பாடுகூட எண்ணை ஏற்றும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். நான் போயிருந்த ஒரு முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

9.2? எட்டுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 15-க்கு மேல் என்றால் சிரோசிஸ் சந்தேகம் வலுக்கும். உங்களுடையது நடுவில். ஈரல் மருத்துவரைப் பாருங்கள்.

வயிற்றில் நீர் கோத்திருந்தால்? அந்த அலை நீரில் போகாது. இந்தக் கருவி உதவாது.

உடல் பருமன்? எக்ஸ்எல் முனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிக்கையில் 'கேப்' என்பது? கொழுப்பின் கணக்கு.

எம்ஆர் எலாஸ்டோகிராபி? ஈரலை அகலமாகப் பார்க்கும், செலவு அதிகம். அதிலும் கிலோபாஸ்கல்தான், ஆனால் கணக்கு வேறு: இங்கே 5 நிம்மதி, அங்கே 5 கவலை.

பயாப்சி? சிலருக்கு இன்னும் தேவைப்படும்.