'பெர்மிசிபிள்' போய் 'பாசிபிள்' வந்த கதை

'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறோம். நடுவே ஒரு 'க்' சேர்ந்து 'வேலைக் கொடு' ஆகிவிட்டால், கேட்பது முருகன் கை வேல். தமிழாசிரியர்கள் ஒற்றெழுத்தின் அருமையை விளக்கச் சொல்லும் பழைய உதாரணம் இது. கணினி உலகத்திலும் இதே ரகத்தில் ஒரு வழக்கு உண்டு: 'சி' மொழியின் விதிநூலில் மாறிப்போன ஒரே ஒரு ஆங்கிலச் சொல்.

சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1978-ல் அவரும் பிரையன் கெர்னிகனும் எழுதிய புத்தகம்தான் பல ஆண்டுகள் வேதம். நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றித் தரும் கம்பைலர்கள் பெருகி, ஆளுக்கொரு விதமாகப் பொருள் கொள்ளத் தொடங்கின. 1983-ல் ஒரு குழு கூடியது. 1989-ல் முறையான விதிநூல் வந்தது.

அதில் சில கேள்விகளுக்குக் குழு வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. எதிர்ம மதிப்பும் ஏற்கும் 'குறியுள்ள' முழு எண் தன் கொள்ளளவைத் தாண்டினால்? நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்ட வேண்டிய பாயின்டர் எங்கும் சுட்டாமல் வெற்றாக இருக்க, அதைத் தொட்டால்? இயந்திரத்துக்கு இயந்திரம் விடை வேறு. எனவே இவற்றுக்கு 'வரையறுக்கப்படாத நடத்தை' என்று பெயர் வைத்து, இந்நூல் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கவில்லை என்றார்கள். அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தால் வழக்கே இல்லை. 'பெர்மிசிபிள்', அதாவது அனுமதிக்கத்தக்க நடத்தை எது முதல் எது வரை என்று ஒரு வாக்கியம் தொடர்ந்தது: நிலைமையைக் கண்டுகொள்ளாமல் விடலாம், சூழலுக்கு ஏற்றபடி, ஆவணத்தில் சொன்னவாறு நடக்கலாம், பிழைச் செய்தி காட்டி நிறுத்தலாம்.

இது எல்லைக்கோடா, வெறும் உதாரணமா? எல்லைக்கோடு என்றால் கம்பைலரின் கை கட்டப்படுகிறது. உதாரணம் என்றால் அது என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 1999-ன் திருத்தப் பதிப்பில் 'பெர்மிசிபிள்' போய் 'பாசிபிள்', அதாவது 'சாத்தியமான' என்ற சொல் வந்தது. வாக்கியமும் விதியிலிருந்து இறங்கிக் குறிப்பாகிவிட்டது. சர்வதேசத் தர ஆவணங்களில் குறிப்பு என்பது விளக்கம்தான், யாரையும் கட்டுப்படுத்தாது.

இதெல்லாம் பண்டிதச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், 'டன்' என்ற பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அங்கிருந்த நிரல் முதலில் ஒரு பாயின்டர் வழியாக மதிப்பை எடுத்தது. அதன் பிறகே, 'இந்தப் பாயின்டர் வெற்றாக இருந்தால் பிழை என்று திரும்பு' என்று சோதித்தது. வரிசை தலைகீழ், எழுதியவர் தவறுதான். ஜிசிசி கம்பைலர் என்ன செய்தது தெரியுமா? 'ஏற்கெனவே தொட்டாகிவிட்டது, வெற்றாக இருந்தால் அது வரையறுக்கப்படாத நடத்தை, ஆகவே வெற்றாக இருக்கவே முடியாது' என்று கணக்குப் போட்டு, அந்தச் சோதனையையே சத்தமில்லாமல் தூக்கிவிட்டது. காவல் போன வழியாகத் தாக்குபவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. பிறகு, இப்படிச் சோதனையை நீக்காதே என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டே கெர்னலைத் தொகுக்கலானார்கள்.

ஜிசிசி தரப்பின் வாதம் லேசானதல்ல. 'கட்டுப்பாடு இல்லை' என்பது 1989-லேயே இருக்கிறது. வேகமான நிரல் வேண்டுமென்றால் இப்படித்தான் ஊகிக்க வேண்டும். 'கண்டுகொள்ளாமல் விடுவது' என்பதையும் அவர்கள் பக்கம் இழுக்கலாம்: அப்படியொரு நிலைமை வராது என்று எடுத்துக்கொள்வதும் கண்டுகொள்ளாமைதானே! எனக்கு இது ஒப்பவில்லை. தெருவில் பள்ளத்தைக் கண்டுகொள்ளாமல் நடப்பது வேறு. பள்ளமே இருக்காது என்று சொல்லி எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கிப் போடுவது வேறு.

சி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 'எண்ணோடு 100-ஐக் கூட்டு. விடை பழைய எண்ணைவிடச் சிறிதானால் வழிந்துவிட்டது' என்ற பழைய சோதனையையும் கம்பைலர் இதே தர்க்கத்தால் நீக்கலாம். கூட்டுவதற்கு முன்பே, எண் உச்ச வரம்பை நெருங்கிவிட்டதா என்று பாருங்கள். 2024-ல் வெளியான 'சி23' பதிப்பிலும், குறியுள்ள முழு எண்ணைக் கூட்டும்போது வழிந்தால் அது வரையறுக்கப்படாத நடத்தைதான்.