கொத்தனாருக்குத் தூக்கம் வரவில்லை என்றால்

கட்டட வேலைக்குப் போகிறவர் யாரும் "மனசு சரியில்லை" என்று சொல்லி லீவு கேட்பதில்லை. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு", "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்பார். சிலர் அதுகூடச் சொல்லாமல் இரண்டு நாள் வராமல் இருந்துவிடுவார்கள். மேஸ்திரி வேறு ஆளைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்.

மனச்சோர்வு பல நேரம் உடம்பு வழியாகத்தான் வெளியே தெரியும். தூக்கம் கெடும், சோறு இறங்காது, வலி கூடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிறவருக்கு முதுகு வலிப்பதில் என்ன அதிசயம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதால், இந்தத் தொழிலில் அது லேசில் கண்ணில் படாது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல், தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தப் பாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், பெரும்பாலும் பணத்தில் போய் நிற்கும். காலையில் கூலி ஆட்கள் நிற்கும் முச்சந்தியில் டிபன் பாக்ஸோடு காத்திருந்து, ஒன்பது மணிக்கு மேல் வேலை கிடைக்காமல் வீடு திரும்பும் நாட்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்பூச்சும் கான்கிரீட்டும் நின்றுபோகும். குழுக்கடன் தவணை நிற்காது. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் இருந்தால், அவர் என்ன திட்டினாலும் வாய் திறக்க முடியாது. சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கூலியும் குறைவு. வீட்டுக்குப் போனால் அடுப்பு வேலை காத்திருக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு, மனசு விட்டுப் பேசக்கூட அவர் மொழி தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 26.4 சதவீதத்தினர், அதாவது நாலில் ஒருவருக்கும் மேல், தினக்கூலிகள். கட்டடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்களே.

குடியைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். அலுப்புக்கும் தூக்கத்துக்கும் என்று தொடங்குகிற குடி, தூக்கத்தை இன்னும் கெடுக்கும்; மனச்சோர்வையும் கூட்டும். காலையில் கரணை பிடிக்கும் கை நடுங்குகிறதா, ஒரு வாய் ஊற்றிக்கொண்ட பிறகுதான் நிதானத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உடம்பு குடிக்கு அடிமையாகிவிட்டது. அவரைச் சாரத்தில் ஏற்றக் கூடாது. "இன்னியோட நிறுத்து" என்று சத்தியம் வாங்குவதும் ஆபத்து. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், அடுத்த இரண்டு மூன்று நாளில் வலிப்போ மனக்குழப்பமோ வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மாற்றத்தை முதலில் பார்ப்பவர் கூட வேலை செய்கிறவர்தான். கலகலப்பாக இருந்தவர் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறார், கருவிகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறார், "நான் இல்லாட்டி வீட்டுக்குக் கடனாவது தீரும்" என்கிறார் என்றால் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். டீ நேரத்தில் ஓரமாகக் கூப்பிட்டு, "என்னண்ணே, பத்து நாளா ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். சந்தேகம் வந்தால், "செத்துடலாம்னு தோணுதா?" என்றே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் அடக்கி வைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் வீட்டாருக்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். "ஆம்பளைக்கு என்ன அழுகை" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008-இல் தொடங்கிய 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' அமைப்பு செய்வதும் இதுதான்: சைட்டில் வேலை பார்ப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, தவிக்கும் கூட்டாளியை அடையாளம் கண்டு உதவிக்குச் சேர்க்கச் சொல்கிறது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நாலு நாளில் குணம் தெரியவில்லை என்றோ, குணமாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தக் கூடாது. உயரத்தில் ஏறி வேலை பார்ப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும். அதற்கேற்ப மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான் பலரைத் தடுக்கிறது. அந்த ஒரு நாள் கூலியை மேஸ்திரியோ, ஒப்பந்ததாரரோ, வீடு கட்டுகிறவரோ ஏற்றுக்கொள்வது பெரிய உதவி.

சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுப்பதும் மனநல உதவிதான் என்பது என் உறுதியான கருத்து. கூலியைப் பாக்கி வைத்துக்கொண்டு ஆலோசகரை மட்டும் அழைத்து வந்து பேசச் சொல்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் எனப் பல உதவிகளை உறுப்பினர்களுக்குத் தருகிறது. உங்கள் சைட்டில் பதிவு செய்யாதவர் இருந்தால், பதிவு செய்ய உதவுங்கள்.

ஒன்றிய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இந்தி, வங்காளம், ஒடியா பேசுகிறவர்களும் தங்கள் மொழியிலேயே பேசலாம். இந்த எண்ணைச் சிமென்ட் மூட்டை அடுக்கும் கொட்டகைச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி இன்றைக்கே எழுதி வையுங்கள்.