நாளுக்கு இரண்டு முறை தீவாகும் ஊர்!

காலையில் காரில் போகலாம். மாலையில் போனால் ரோட்டையே காணோம்! ரோடு கடலுக்குள் போய்விட்டது.

இப்படி ஓர் ஊர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. பெயர், லிண்டிஸ்பார்ன். "புனிதத் தீவு" என்றும் சொல்வார்கள். சுமார் 150 பேர்தான் குடியிருக்கிறார்கள்.

கோடைக்காலத்தில் கூட்டம் அலைமோதும். குளிர்காலத்தில் ஊர் வெறிச்சோடிவிடும். அமைதியை விரும்பும் நண்பர்கள் அப்போதுதான் தீவைச் சுற்றி நடக்க வருவார்கள்.

5 நண்பர்கள் டிசம்பரில் ஒரு நாள் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் வைத்த கெடு

சந்திரன் இழுப்பதால் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறும். இரண்டு முறை இறங்கும். இறங்கும்போது ரோடு தெரியும். 1954-ல் திறந்த ரோடு அது. ஏறும்போது சுமார் 5 மணி நேரம் ரோடு மூழ்கிக் கிடக்கும்.

இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே, நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது என்று அட்டவணை போட்டிருப்பார்கள்.

"மூன்றரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும்" என்று பேசிக்கொண்டு நண்பர்கள் நடக்கிறார்கள்.

கவிழ்த்த படகுகள்

முதலில் பாழடைந்த மடம். 635-ல் ஐடன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். 793-ல் வைக்கிங் கொள்ளையர் கப்பலில் வந்து சூறையாடினார்கள். பின்னாளில் கட்டிய மடமும் இடிந்துவிட்டது. ஒரே ஒரு கல் வளைவு மட்டும் வானவில் போல அந்தரத்தில் நிற்கிறது!

தூரத்து மணல் திட்டில் யாரோ அழும் குரல். யார்? கடல் நாய்கள்! அவற்றின் குரலே அப்படித்தான்.

துறைமுகத்தில் பழைய மீன்பிடி படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, சாமான் வைக்கும் கொட்டகை ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் பாறை மேல் கோட்டை. அதையும் தாண்டினால் கப்பல்களுக்கு அடையாளமாகக் கட்டிய வெள்ளைப் பிரமிடு.

வடக்கே மணல் மேடுகள். ஊசி போலக் குத்துகிறது காற்று. அங்கேதான் வந்தது வினை! ஒருவருக்குச் செருப்புக் கடித்துக் குதிகால் புண்ணாகிவிட்டது.

"நீங்கள் முன்னால் போங்கள்" என்றார் அவர். யாரும் போகவில்லை. அவருடைய பையை ஒருவர் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் தோள் கொடுத்தார். எல்லோரும் அவர் நடைக்கு நடந்தார்கள்.

போகலாமா, கூடாதா?

ஊருக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். சூரியன் மறைந்துவிட்டது.

"தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். வேகமாக ஓட்டினால் போய்விடலாம்!" என்றார் ஒருவர்.

"கூடாது. பார்ப்பதற்குள் ஏறிவிடும்" என்றார் மூத்தவர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இப்படி அவசரப்பட்டுக் கடலில் காரை விட்டவர்கள் பலர். உயிர்காக்கும் படகு வந்துதான் அவர்களை மீட்கிறது. ரோட்டோரத்தில் உயரமான கால்கள் மேல் ஒரு மரக் கூண்டு உண்டு. அதில் ஏறினால் ஆள் பிழைக்கலாம், கார் பிழைக்காது!

நண்பர்கள் விடுதியில் நெருப்பருகே உட்கார்ந்தார்கள். சூடாகச் சூப்பு குடித்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள்.

இரவு எட்டரை மணிக்கு மேல் கடல் வழி விட்டது. கார் மெல்லப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் ரோடெல்லாம் கடற்பாசி. ஓரத்தில் அந்தக் கூண்டு.

"ஓட்டினால் போய்விடலாம்" என்று சொன்னவர் அதை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஐந்து பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.