கழற்றினால் கூடும் வேகம்

ஒஸ்லோவுக்குத் தென்கிழக்கே, ரக்கெஸ்டாட் பகுதியில் இருக்கிறது ரூட்ஸ்கூகன் பந்தயத் தடம். பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை இங்கே ஓட்ட நினைப்பவர் எடையைக் குறைக்க முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனர்.

எடைக் குறைப்பின் அருமையை 1992-லேயே ஹோண்டா உலகுக்குக் காட்டிவிட்டது. அதன் பொறியாளர் டடாவோ பாபா உருவாக்கிய ஃபயர்பிளேடு பைக், 893 சிசி எஞ்சினோடு 185 கிலோதான், அதுவும் பெட்ரோல் ஊற்றாமல். அன்றைய யமஹா எஃப்இஸட்ஆர் 1000 இருநூறைத் தாண்டி நின்றது.

முகப்பு விளக்கு, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், பின்னால் உட்காருபவரின் கால்தாங்கி, ஸ்டாண்ட்... தடத்தில் இவை எதற்கு? கழற்றக் காசும் ஆகாது. அடுத்தது சைலன்சர். கனத்த இரும்புக் குழாயை மாற்றி டைட்டானியம் போட்டால் சில கிலோ போய்விடும். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் வைத்தாலும் கணிசமாகக் குறையும். ஆனால் நார்வேயின் குளிர்காலையில் அது முரண்டு பிடிக்கும்.

எல்லாக் கிலோவும் ஒன்றல்ல.

சக்கரம் சுழல்வது, சஸ்பென்ஷனுக்குக் கீழே இருப்பது. அங்கே எடை குறைந்தால் வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்ப்பது மூன்றுமே எளிதாகும். மக்னீசியச் சக்கரத்தின் விலைதான் மயக்கம் வரவைக்கும். எடை குறைந்தபின் ஸ்பிரிங்குகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

விளக்கில்லாத பைக் சாலைக்கு ஆகாது. ட்ரெய்லருக்கும் பணம் எடுத்து வையுங்கள்.