முன் சக்கரத்தில் கிரீஸ் கசிந்தால்



செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று லயத்துப் பக்கம் வந்து நிற்கிறது. முன் சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக மினுங்குகிறது. “கிரீஸ்தானே, வந்தால் நல்லதுதான்” என்று சொல்லி, ஓட்டுநர் துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுகிறார். அவர் சொன்னது பாதி உண்மை. மறு பாதி உயிர் சம்பந்தப்பட்டது. நம் பிள்ளைகள் பலர் லோரி ஓட்டுகிறார்கள், கெலிண்டானாகப் போகிறார்கள், பட்டறையில் தொழில் பழகுகிறார்கள். ஆகவே வீட்டிலுள்ள எல்லாரும் இதைக் கேட்பது நல்லது.

கிரீஸ் வெளியே வரவேண்டிய இடங்கள் உண்டு. ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் பின்கள் ஓரிடம். சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் கிங் பின் மற்றோரிடம். கிரீஸ் பம்பை நிப்பிளில் வைத்து அடிக்கும்போது பழைய கிரீஸ் மண்ணையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு ஓரத்தில் பிதுங்கும். அது சரியான அடையாளம். எவ்வளவு அடித்தும் ஒன்றும் பிதுங்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். நிப்பிள் அடைபட்டு, பின் வறண்டு தேய்ந்துகொண்டிருக்கலாம்.

கிரீஸ் வரக்கூடாத இடம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப். அதற்குள் இரண்டு பேரிங்குகள் கிரீஸில் சுழல்கின்றன. உட்புறத்தில் சீல் என்னும் வளையம் அந்தக் கிரீஸைக் காக்கிறது. சீல் கெட்டால் கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது லோரி ஒரு பக்கமாக இழுக்கும். பேரிங்கோ வறண்டு சூடேறும். முற்றினால் சக்கரமே கழன்றுவிடும். பாரம் ஏற்றி மலைச்சரிவில் இறங்கும் லோரிக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கிருந்து கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அந்தப் பகுதி முழுவதையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் தேடுவது வீண் வேலை. பட்டறை வாசலிலேயே மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். பட்டையின் முனையில் கட்டியாக நின்றால் அது பம்பு அடித்த கிரீஸ். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர் கதிராகத் தெறித்திருந்தால் ஹப் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம். விரலில் தேய்த்தும் பாருங்கள். சமையல் எண்ணெய்போல் மெல்லியதாக இருந்தால் ஷாக் அப்சார்பரிலிருந்தோ ஸ்டீயரிங் பெட்டியிலிருந்தோ வந்திருக்கலாம். பிரேக் எண்ணெய் என்று சந்தேகம் வந்தால் லோரியை நகர்த்தவே கூடாது. ஒன்றை மறக்காதீர்கள்: சூடேறிய கிரீஸும் உருகித் தண்ணீராக ஓடும். ஆகவே பதத்தைவிட, கசிவு வந்த இடமே நம்பத்தக்க சாட்சி.

அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்து உயிரிழந்தவர்கள் உண்டு. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில்.

சீலை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சில நாளில் அதே கசிவு திரும்ப வரும். சீல் ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். பேரிங் தளர்ந்திருக்கலாம், சீல் உட்காரும் இடத்தில் கீறல் விழுந்திருக்கலாம், ஹப் நிறையக் கிரீஸைத் திணித்திருக்கலாம். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இருவகைக் கிரீஸைக் கலந்தாலும் அது இளகி ஓடக்கூடும். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடாதீர்கள், ஊறியது போகாது. இரு பக்கமும் புதிதாக மாற்றுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதக்கூடாது.

வேலை முடிந்ததும் பாரம் ஏற்றாமல் நாலைந்து மைல் ஓட்டி, இரண்டு ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், லோரியை மறுபடியும் பட்டறைக்கே திருப்புங்கள்.